முந்தின ராத்திரியே வந்து போன கார்

இரண்டு வருடத்துக்கு முன், மலேசியாவில் கோலாலம்பூர் விமான நிலையத்தில் நடந்தது இது. நான் காரைக்குடியில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். திருச்சிக்கும் மதுரைக்கும் போய், பேர் எழுதின அட்டையைப் பிடித்து நின்று, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை ஏற்றி வருவதுதான் என் பிழைப்பு.

மகள் ஈப்போவில் இருக்கிறாள். முதல் பிள்ளை தங்கவில்லை. இரண்டாவதற்கு ஆபரேஷன், சனிக்கிழமை காலை என்று நாள் குறித்திருந்தார்கள். "உள்ள போறதுக்கு முன்னால அம்மா முகத்தப் பாக்கணும்" என்று அழுதாள். மருமகன் அவளை விட்டு நகர முடியாது. விமான நிலையத்திலிருந்து ஈப்போ நெடுந்தூரம். அதனால் டிக்கெட் எடுத்த டிராவல்ஸ்காரரிடமே அங்கே ஒரு கார் போடச் சொன்னேன். வெள்ளிக்கிழமை ராத்திரி இறங்குகிறோம் என்று சொன்னேன். பணமும் கட்டியாயிற்று.

இறங்கும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. வெளியே வந்தால் வரிசையாக அட்டை பிடித்து நிற்கிறார்கள். எங்கள் பேர் இல்லை. இங்குட்டும் அங்குட்டும் நடந்து பார்த்தேன். என் போன் அங்கே எடுக்கவில்லை. டாக்சிக்காரர்கள் அந்நேரத்தில் அவ்வளவு தூரம் வர மறுத்தார்கள்.

"ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டுறீக. நமக்கு ஒரு வண்டி வரலயே" என்றாள் மனைவி.

"பேசாம இரு."

"பேசாமத்தான் இருக்கேன். அவ உள்ள போயிருவாளேங்க."

அட்டை பிடித்து நின்றவர்களில் ஒருவர் தமிழர். நாங்கள் அலைவதைப் பார்த்து அவரே வந்து விசாரித்தார். என்னிடம் இருந்த காகிதத்தில் கார் கம்பெனி நம்பரைப் பார்த்து அங்கே போன் போட்டார். பேசி முடித்ததும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அங்கிள், உங்க கார் நேத்து ராத்திரியே வந்துருச்சாம். ஆள் இல்லன்னு போயிட்டாங்களாம்."

அப்போதுதான் விளங்கியது. நமக்கு விடிகிற வரைக்கும் வெள்ளிக்கிழமை ராத்திரிதான். அவர்களுக்குப் பன்னிரண்டு அடித்தால் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை என்று பதிந்ததால், வியாழக்கிழமை நள்ளிரவு தாண்டியதுமே கார் வந்து நின்றிருக்கிறது. ஊரில் இப்படி யாராவது வண்டி கேட்டால், "விடிஞ்சா என்ன கிழமை?" என்று கேட்டுத்தான் எடுப்போம். காரைக்குடியில் எல்லா டிரைவரும் கேட்கிற கேள்வி அது. நானே சவாரியாகப் போனபோது என்னிடம் யாரும் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

அந்த மனுசருக்கு வேறு சவாரி இருந்தது. தூங்கிக்கொண்டிருந்த தன் மைத்துனரை எழுப்பி வரவைத்தார். அவர் வந்து எங்களை ஏற்றியபோது ராத்திரி பெரும்பகுதி போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது மகளை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். மருமகன் கதவு ஓரத்தில் நின்றிருந்தார். "உங்களைக் கேட்டுக்கிட்டே போனா மாமா" என்றார். என் மனைவி, மகளுக்கென்று கொண்டுவந்த தூக்குவாளியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பேரன் பிறந்தான். இருவரும் நலம்.

ஊருக்குத் திரும்பின மறுநாளே டிராவல்ஸ் கடைக்குப் போனேன்.

"நீங்கதானேண்ணே வெள்ளிக்கிழமை ராத்திரின்னு சொன்னீக" என்றார்.

"சொன்னேன். டிக்கெட் போட்டது நீங்க. அது கெடக்கட்டும். கார்க்காரன் வந்து பாத்து ஆள் இல்லன்னதும் உங்களுக்குச் சொல்லலயா?"

"மெசேஜ் வந்துச்சுண்ணே. காலையில பாத்தேன். வேற யாருக்கோன்னு விட்டுட்டேன். ஆள் வரலைன்னா காசு திரும்பாது, அவங்க ரூல் அப்படி."

"காசு கேட்டா வந்தேன்?"

அந்த வெள்ளிக்கிழமை காலையில் அவர் கடையைத் தாண்டித்தான் டீ குடிக்கப் போனேன். கை காட்டி, "இன்னைக்கிப் பயணமாண்ணே?" என்று சிரித்தார். அந்த மெசேஜ் அப்போது அவர் சட்டைப் பையில் இருந்திருக்கிறது. அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வேறு கார் போட ஒரு பகல் முழுக்க இருந்தது. மேற்கொண்டு பேசினால் கை நீண்டுவிடும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

நாள் தப்பியது தவறுதான். அதில் என் பங்கும் உண்டு. ஆனால் வரவேண்டிய ஆள் வரவில்லை என்று தெரிந்தும், ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அந்தக் கார்க்காரர் கேட்கவில்லை. கம்பெனி கேட்கவில்லை. பக்கத்துத் தெருக்காரரான இந்த டிராவல்ஸ்காரரும் கேட்கவில்லை. என் சவாரி வராவிட்டால் அவர் வீட்டுக்குப் போன் போட்டு விவரம் தெரிந்த பிறகுதான் நான் வண்டியைத் திருப்புவேன்.

ஆபரேஷன் முடிந்து மகள் கண் விழித்ததும், "எப்பம்மா வந்தீக?" என்று கேட்டாள். "நீ உள்ள போறப்பவே வந்துட்டோம்த்தா, நீதான் பாக்கல" என்றாள் என் மனைவி. பொய்யே சொல்லாதவள். பேரன் இப்போது நடக்கிறான், பேசுகிறான், ஆனால் அவளை அன்றைக்கு அந்தப் பொய்யைச் சொல்லவைத்தவர்கள் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை.