மலைப் பாதையில் சொன்ன பதில்கள்

மெல்பேர்ண் புறநகரான ரோவிலில் எங்கள் வீட்டிலிருந்து டண்டெனொங் மலைக்குக் காரில் அரை மணித்தியாலம்கூட இல்லை. அப்படியிருந்தும் மெல்பேர்ண் வந்து எத்தனையோ வருடம் நான் அந்தப் பக்கம் போனதில்லை. முதலில் கூட்டிப் போனவள் என் தோழிதான். ஆஸ்பத்திரியில் ஒரே வார்ட்டில் இரண்டு பேரும் தாதிகள். ஏப்ரல் பிறந்தால் இங்கே இலையுதிர்காலம், எங்களுக்குச் சனிக்கிழமைகளில் நடை. இங்கத்தைய காட்டு மரங்கள் இலை உதிர்ப்பதில்லை. யூக்கலிப்டஸ் பட்டையைத்தான் நீள நீளமாக உரித்துப் போடும். சிவப்பும் மஞ்சளும் பார்க்க, பழைய தோட்டங்களில் யாரோ கொண்டுவந்து நட்ட மேப்பிள் மரங்களுக்குக் கீழே போகவேண்டும். காடும் தோட்டமும் சேர்ந்து வரும் பாதைகளை அவள் தேடி வைத்திருப்பாள். நான் பிளாஸ்கில் தேத்தண்ணீர் கொண்டுபோவேன்.

அந்த வருடம் எங்கள் வார்ட்டின் பொறுப்புத் தாதி ஓய்வு பெறப்போவதாகத் தெரிந்து, நான் விண்ணப்பித்தேன். கணவருக்கும் அவளுக்கும் மட்டும் சொன்னேன். நேர்முகத் தேர்வில் என்னைப் பற்றி நானே நல்லதாகச் சொல்ல எனக்கு வராது. நடக்கும்போது தான் கேள்வி கேட்பதாகவும் நான் பதில் சொல்லிப் பழகலாம் என்றும் அவள்தான் சொன்னாள். மூன்று சனிக்கிழமை மூச்சு வாங்க வாங்கப் பதில் சொன்னேன். ஆள் குறைந்த நாட்களில் வேலையை எப்படிப் பங்கிடலாம் என்று ஒரு திட்டம் யோசித்து வைத்திருந்தேன். பாதையோரம் குந்தியிருந்து, தடியால் மண்ணில் கீறிக் காட்டினேன்.

"இதை அப்பிடியே சொல்லும். நல்லா இருக்கு" என்றாள்.

நேர்முகம் நன்றாகத்தான் போனது. அடுத்த கிழமை எல்லோருக்கும் வந்த மின்னஞ்சலில் புதிய பொறுப்புத் தாதி என்று அவளுடைய பெயர் இருந்தது. ஏதோ பிழை என்று நினைத்து இரண்டு தரம் வாசித்தேன். பிறகு மேலதிகாரியிடம் போய், நான் எதில் குறைந்தேன் என்று கேட்டேன். அவர் அன்பாகவே பேசினார். எனக்கு முன்னர் நேர்முகத்துக்கு வந்தவரும் ஏறக்குறைய அதே திட்டத்தைத்தான் சொன்னாராம், இன்னும் தெளிவாக. நானும் அவளும் நன்றாக ஒத்துப்போவோம் என்றும் சொன்னார்.

சனிக்கிழமை வழக்கம்போல அவளுடைய கார் வாசலில் வந்து நின்றது. நான் ஏறினேன். அவளாகச் சொல்லட்டும் என்று இருந்தேன். வழி நெடுகக் குளிரைப் பற்றியே கதைத்தாள். ஈர இலைகள் ஒட்டிக் கிடந்த ஏற்றத்தில் நான்தான் கேட்டேன்.

"நீரும் விண்ணப்பிச்சதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவள் நடையை நிறுத்தவில்லை. "நீர் கேக்கேல்லையே."

"என்ர திட்டம்?"

"ரெண்டு பேரும் சேர்ந்துதானே கதைச்சனாங்கள்."

நான் திரும்பி இறங்கினேன். பின்னாலிருந்து ஒருமுறை கூப்பிட்டாள். கீழே வந்த பிறகுதான், வந்தது அவளுடைய கார் என்பது நினைவுக்கு வந்தது. பஸ் தரிப்பிடம் வரை நடந்தேன். வழியில் ஒரு மேப்பிளுக்குக் கீழே நின்ற இளம் தம்பதி, படம் எடுத்துத் தரமுடியுமா என்று கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தேன். முதல் படம் கலங்கிவிட்டது, இன்னொன்று எடுத்தேன். பஸ்ஸில் ஏறி இருந்த பிறகுதான் அழுதேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் போட்ட அட்டவணைப்படிதான் வேலை செய்தேன். திட்டம் நன்றாகவே வேலை செய்தது. எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள். பிறகு வேறு வார்ட்டுக்கு மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அங்கே ஒரு தாதி, சனிக்கிழமை மலைக்கு நடக்க வருகிறீரா என்று கேட்டாள். வேலை இருக்கிறது என்று சொன்னேன். அன்று எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.