லிட்டில் வெனிஸ் சுரங்கத்தில் ஒரு ஹாரன்

லண்டன், நவம்பர் 2009. லிட்டில் வெனிஸ் கால்வாயின் இரவுக் கொண்டாட்டங்களுக்கு என் வழிகாட்டிப் புத்தகம் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறது. இந்தச் சுரங்கத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மதுக்கூடப் படகில் நான் ஒருவன்தான் பயணி. ஓட்டுபவர் யாழ்ப்பாணத்துக்காரர், இத்தாலியில் பத்து வருடம் படகோட்டியவர். சுரங்க வாயிலில் படகை நிறுத்தி ஒருமுறை ஹாரன் அடிக்கிறார். உள்ளிருந்து இருமுறை பதில் வருகிறது.

"எதிரொலியா அண்ணா?"

"இல்லைத் தம்பி. நான் ஒருக்காத்தான் அடிச்சனான். ரெண்டு தரம் அடிச்சால், உள்ள படகு இருக்கு, பொறு எண்டு அர்த்தம். உதுக்குள்ள ரெண்டு படகு விலகேலாது."

இருபது நிமிடம் காத்திருக்கிறோம். எந்தப் படகும் வெளியே வரவில்லை.

"தினமும் இப்படித்தானா?"

"ஆக்கள் குறைஞ்ச நாளிலதான்."

மறுபடி அடிக்கிறார். பதில் இல்லை. உள்ளே போகிறோம். செங்கல் கூரையின் நீர் என் கோப்பைக்குள் சொட்டுகிறது. பாதி வழியில், பின்னால் நாங்கள் விட்டுவந்த வாயிலிலிருந்து ஒரு ஹாரன் கேட்கிறது.

அவர் திரும்பிப் பார்க்காமல் இருமுறை அடிக்கிறார்.

நாங்கள் மறுபக்கமாகப் போய்விடுவோம். பின்னால் அந்த வாயிலில் காத்து நிற்பவரின் கண்ணெதிரே எந்தப் படகும் வெளியே வரப்போவதில்லை.