தாலி கட்டின படம்

பூவனலிங்கம் பிலிம் காலத்திலிருந்தே கல்யாண வீடுகளுக்குப் போகிறவர். கோவில்பட்டி மெயின் ரோட்டில் சின்ன ஸ்டூடியோ. யார் பக்கத்தில் யார் நிற்க மாட்டார்கள், எந்தச் சித்தப்பாவைப் படத்துக்குக் கூப்பிடாவிட்டால் சண்டை வரும் என்பதெல்லாம் மண்டபத்துக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே அவருக்குப் பிடிபட்டுவிடும்.

டிஜிட்டல் கேமரா வாங்கிய மறுவருஷம், விளாத்திகுளத்து மிளகாய் வியாபாரி வீட்டுக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை பாண்டியராஜன், பெண் கயத்தாற்றுக்காரி அமுதவள்ளி. மணமேடையில் குத்துவிளக்கின் ஒரு திரி அணைந்தது. மாப்பிள்ளையின் தாயார் வெயிலுகந்தம்மாள் விளக்கைப் பார்க்கவில்லை, பெண்ணைப் பார்த்தாள். "இவ கார விட்டு எறங்கும்போதே நாய் ஊளையிட்டுச்சு" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது பூவனலிங்கத்தின் காதில் விழுந்தது. அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவருக்கு என்னமோ செய்தது.

மறுநாள் மெமரி கார்டைக் கம்ப்யூட்டரில் செருகினால் படம் எதையும் காட்டாமல், ஃபார்மட் செய்யவா என்று கேட்டது. வேண்டாமென்று வெளியே எடுத்தார். ரப்பரால் அதன் பித்தளை நிறப் பட்டைகளைத் துடைத்தார். வேறு ரீடரில் போட்டார். அதே கேள்விதான் வந்தது. கடைசியில், அழிந்த படங்களை மீட்கிற சிடியை ஓடவிட்டு உட்கார்ந்தார். மாலை, பந்தி, மொய் என்று ஒவ்வொன்றாக வந்தது. தாலி கட்டும்போது தொடர்ந்து அமுக்கியதில் ஒன்றே ஒன்றுதான் தேறியது. கேமராவை நட்டமாகப் பிடித்து எடுத்தது. ஒரு பாதியில் அமுதவள்ளி தலைகுனிந்து இருந்தாள். மறுபாதி முழுக்கச் சாம்பல் நிறம். அந்தச் சாம்பலுக்குள்ளிருந்து விரல்கள் மட்டும் நீண்டு அவள் கழுத்தில் மஞ்சள் கயிற்றைப் பிடித்திருந்தன.

மண்டபத்தில் கேட்டதை அவர் ராத்திரியே மனைவி பேபியிடம் சொல்லியிருந்தார். எட்டிப் பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாப்பிள்ளையவே காணுமே! இத அந்தம்மா பாத்தாவன்னா அந்தப் புள்ளைய நிம்மதியா விடுவாவளா?"

பூவனலிங்கத்துக்கும் அதே பயம்தான். நல்ல படங்களைத் தனியே எடுத்து வைத்தார். கார்டை ஃபார்மட் செய்து கேமராவில் போட்டு, கடை வாசலில் நின்று ரோட்டையும் பஸ்களையும் எடுத்துக்கொண்டே இருந்தார். புதுப் படம் ஏற ஏறப் பழையதன் தடம் மறையும் என்பது அவர் கணக்கு. கார்டு நிறையுமுன் கேமரா உறைந்து நின்றுவிட்டது. அந்தப் படம் அழிந்ததா, உள்ளே கிடக்கிறதா, அவருக்குத் தெரியவில்லை.

ஆல்பத்துக்குப் படம் பொறுக்கத் தாயும் மகனும் வந்தார்கள்.

"தாலி கட்டுத படம் எங்க?"

"நான் அமுக்கல அம்மா. முன்னால ஆளு மறைச்சிட்டாவ. தப்பு என்னுதுதான்."

பாண்டியராஜன் மேஜையில் ஓங்கி அடித்தான். வெயிலுகந்தம்மாள் அசையவில்லை.

"பிளாஷ் வெட்டுனத நான் பாத்தேன். எடுக்கலையா, எடுத்தது வரலையா?"

"எடுக்கல."

"அந்தக் கார்டக் குடுங்க. தூத்துக்குடியில என் தம்பி மவன் கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கான். அவன் பாக்கட்டும்."

மறுத்தால் சந்தேகம் உறுதியாகிவிடும். கொடுத்தார். அவள் அதைக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

அதிலிருந்து போன் அடித்தால் பேபிதான் எடுக்க வேண்டியிருந்தது. விளாத்திகுளம் பஸ் வந்து நின்றால், பூவனலிங்கம் இறங்குகிறவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

கடைசியில் வந்தது அமுதவள்ளி. தனியாக, கையில் ஒரு பெரிய பையோடு. கழுத்து எலும்பு தெரிய இளைத்திருந்தாள்.

"தூத்துக்குடியில பாத்தாவளாம். ரோடும் பஸ்ஸுமாத்தான் வந்துச்சாம்."

பூவனலிங்கம் மூச்சு விட்டார்.

"அதுக்கும் சொல்லுதாவ அண்ணாச்சி, படத்துல ஏறாத தாலி நெலைக்காதுன்னு. கெணத்து மோட்டார் எரிஞ்சதுக்கும் நான், மிளகா வெல எறங்குனதுக்கும் நான். அம்மா பேச்ச கேட்டு எங்க வீட்டுக்காரவியளும் என் பக்கத்துல உக்காந்து சாப்பிட மாட்டுக்காவ." கொஞ்சம் நிறுத்தினாள். "நெசமாவே நீங்க எடுக்கலையா?"

அவரால் பொய் சொல்ல முடியவில்லை. "எடுத்தேம்மா. பாதிப் படம்தான் வந்துச்சு. அவியளுக்குத் தெரியக்கூடாதுன்னு நான்தான் அழிச்சேன்."

"எந்தப் பாதி வந்துச்சு?"

அவர் பார்வை அவள் கழுத்துக் கயிற்றுக்குப் போனது.

"என் பாதியா?"

தலையசைத்தார். அமுதவள்ளி அழுவாள் என்று பேபி தண்ணீர்ச் செம்போடு வந்தாள். அவள் அழவில்லை. தண்ணீரைக் குடித்து முகத்தைத் துடைத்தாள். "வாரேன் அண்ணாச்சி" என்று ரோட்டைக் கடந்து, கயத்தாறு போகிற பஸ்ஸில் ஏறினாள்.

ஆல்பம் கேட்டு அந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. பாண்டியராஜனுக்கு வேறு இடத்தில் பெண் பார்க்கிறார்கள் என்று பிற்பாடு காதில் விழுந்தது.

அடுத்த வருஷம் கயத்தாற்றில் ஒரு சடங்கு வீட்டில் பூவனலிங்கம் அவளைப் பார்த்தார். பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தாள். அவர் கேமராவை அந்தப் பக்கம் திருப்பினார். சாம்பார் வாளியோடு அவள் சட்டென்று தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள். அவர் கேமராவை இறக்கிக்கொண்டு, அவள் அந்த வரிசையைக் கடக்கும்வரை அப்படியே நின்றார்.