மத்திகிரியில் கும்பிடும்போது விழுந்த அடி

பொங்கல் விடுமுறையில் கிருஷ்ணகிரிக்குப் போனது நடுகற்களைப் பார்க்க. ஊர் மாடுகளை மீட்கப் போய் இறந்தவர்கள் வாளோடும் வில்லோடும் கல்லில் நிற்கிறார்கள். பெயர் தெரியாத ஒரு வீரனின் முன்வைத்த காலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி ஊன்றி நிற்க யார் பழக்கியிருப்பார்கள்?

மறுநாள் ஓசூரை அடுத்த மத்திகிரியில் பெண்கள் சிலம்பப் போட்டி என்று விடுதியில் சொன்னார்கள். ஊர் திரும்பும் திட்டத்தைத் தள்ளிவைத்தேன். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சுமார் ஐம்பது கிலோமீட்டர், பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய்.

"சிலம்பமாங்க? எங்க அண்ணியும் போறாங்க. இப்பல்லாம் எங்கண்ணன் வூட்ல சத்தமே போடறதில்லீங்க" என்று சிரித்தார் ஓட்டுநர்.

வெள்ளைக்காரர் காலத்தில் சிலம்பத்துக்குத் தடை இருந்தது என்பார்கள். இன்று அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் அதற்கும் இடமுண்டு. தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்த பெண்கள் கம்போடு மைதானத்துக்கு வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இறுதி ஆட்டத்தில் ஒருத்தி மாரி. திருநெல்வேலிப் பக்கம், இங்கே உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. ஜெயித்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். அங்கேயும் ஜெயித்தால் நிரந்தர வேலைக்கு ஒரு வழி. மாவட்டத்திலிருந்து ஒருத்திக்குத்தான் இடம். எதிரே, இதே மாவட்டத்து ஜவளகிரியிலிருந்து கிரிஜா. வீட்டில் தெலுங்கு, தோட்டத்தில் ராகியும் தக்காளியும்.

கம்பு நுனியில் ஈரச் சுண்ணப்பொடி. கறுப்பு உடையில் வெள்ளைத் தடம் விழுந்தால் ஒரு புள்ளி.

விசில் ஒலித்தது. மாரி தன் ஊர் வழக்கப்படி எதிராளியைப் பார்த்துக் கும்பிட்டு, வலது காலை முன்னே வைத்து, கம்பைத் தரையோடு வீசித் தாழ்த்தினாள். அந்தக் கணத்தில் கிரிஜாவின் கம்பு அவள் தோளில் இறங்கியது. கூட்டம் ஆர்ப்பரித்தது. நடுவர் கை உயர்த்தினார். மாரி தோளைத் தேய்த்துக்கொண்டாள்.

அந்த முகத்தைப் பார்த்ததும் கிரிஜாவுக்குப் புரிந்துவிட்டது. "சார், அவங்க கும்பிட்டுட்டு இருந்தாங்க சார். எங்கூர்ல அப்படிக் கால் வெச்சா 'வா'ன்னு சண்டைக்குக் கூப்பிடறதுங்க. இந்தப் புள்ளி எனக்கு வேணாம்."

"விசில் ஊதியாச்சும்மா. விதின்னா விதிதான்."

கிரிஜா கம்பைக் கீழே வைத்துவிட்டுத் தோளைக் காட்டி நின்றாள். "போடுக்கா, ஒண்ணு. கணக்கு சரியாப் போயிரும்."

மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றோரம் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

"சும்மா நிக்குற ஆள எப்டிம்மா அடிக்க?" என்றாள் மாரி. "கம்ப எடு. எடுங்கேன்லா!"

அதன்பிறகு நடந்ததை எழுத எனக்குச் சொல் போதவில்லை. கம்பு கண்ணுக்குத் தெரியவில்லை. காற்று கிழிகிற ஓசைதான் கேட்டது. கன்னடத்தில் "ஹொடி", தெலுங்கில் "கொட்டு", தமிழில் "அடி" என்று மூன்று பக்கமும் கத்தல். அடி வாங்கியபோதெல்லாம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். கல்லில் பார்த்த காலூன்றல் இங்கே புழுதி கிளப்பி ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் கிரிஜா ஜெயித்தாள். எந்தப் புள்ளி என்று எல்லோருக்கும் தெரியும். கோப்பையை வாங்க அவள் மாரியையும் இழுத்துக்கொண்டுதான் போனாள்.

போக விரும்புபவர்களுக்கு: தை மாதத்தில் இங்கே காலைக் குளிர் கடுமை, ஸ்வெட்டர் வேண்டும். போட்டி பற்றி விளம்பரம் குறைவு, மைதானத்தில் நேரில் விசாரியுங்கள். கயிற்றை ஒட்டி உட்கார வேண்டாம், கம்பு நீளம். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை.

அந்தப் பேருந்துக்காகத்தான் மாரியோடு நின்றிருந்தேன். வருத்தமா என்று கேட்டேன்.

"இல்லாமலாக்கா? ராத்திரி அழுவேன். நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் வேற." கொஞ்சம் யோசித்தாள். "அடுத்த வருசமும் கும்பிடத்தான் செய்வேன். ஆனா எட்ட நின்னு."