பதினெட்டாவது பாரம்

எழுத்தைவிட வியாபாரம்தான் தனக்கு நன்றாக வரும் என்பது எழுத்தாளரின் நினைப்பு. அதை அவர் தலையிலிருந்து இறக்க யாராலும் முடியவில்லை. ஒரு நாவல் வந்தால் ஊரே வாங்கும், பணம் கொட்டும். அந்தப் பணத்தில் பத்திரிகை ஆரம்பித்தார். ஏழே இதழில் படுத்துவிட்டது. அடுத்த நாவல் கோழிப்பண்ணைக்குப் போனது. ஒரே வாரத்து நோயில் கூண்டு மட்டும் மிஞ்சியது. பிறகு பேனா மை தயாரித்தார். அது அவருடைய பேனாவிலேயே இறங்கவில்லை.

கடைசியில் அச்சகம். பதிப்பாளர்கள் எல்லாம் தன் உழைப்பில் கொழுக்கிறார்கள், இனி நானே அடித்து நானே விற்பேன் என்று கிளம்பினார். வேறொரு அச்சகத்தில் இருபத்திரண்டு வருஷம் ஈய எழுத்தைக் கோத்துக்கொண்டிருந்த ஒருவரைக் கையோடு கூட்டிவந்து ஃபோர்மேன் ஆக்கினார். நான் சொல்ல வந்தது இந்த ஃபோர்மேனைப் பற்றித்தான். பிரபலங்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

எழுத்தாளரின் கிறுக்கலைத் தடுமாறாமல் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் ஃபோர்மேன். படிப்பதோடு விடமாட்டார். கை ஈய எழுத்தைப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கிவிடும். உலகத்தில் யாருக்கும் முன்னால் அந்த வரிகளைத் தான் படிக்கிறோம் என்பதில் அவருக்கு இருந்த பெருமையை, சம்பளத்தோடு சேர்த்து எண்ண முடியாது. அந்தப் பெருமைதான் அவர் குடியைக் கெடுத்தது.

இயந்திரம் வாங்க வங்கி ஜாமீன் கேட்டது. எழுத்தாளரின் வீடு கோழிகளோடே போயிருந்தது. ஃபோர்மேன் தன் வீட்டுப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்தார். இரண்டு அறை, ஒரு சமையலறை. பாதிச் சம்பளத்தில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கட்டியது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துதான் மனைவியிடம் சொன்னார்.

"முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றாள் அவள்.

"ஒரே புத்தகம்மா. அது வெளிய வந்துட்டா பத்திரம் கைக்கு வந்துடும்."

அவர் சொன்னதில் பொய்யில்லை. புது நாவலுக்கு இரண்டாயிரம் பேர் பெயர் கொடுத்துப் பாதிப் பணமும் அனுப்பியிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் புத்தகம் போய்ச் சேர்ந்தால் மீதியும் வரும், வங்கிக் கடன் தீரும். மொத்தம் பதினெட்டு பாரம். ஒரே தாளில் சேர்த்து அடிக்கிற பதினாறு பக்கம் ஒரு பாரம். ஒரு பாரம் அடித்து முடித்ததும் எழுத்தைக் கலைத்துப் பெட்டியில் போட்டால்தான் அடுத்ததைக் கோக்க முடியும். பதினேழு பாரம் அச்சாகி, தாள் உத்தரத்தை முட்டிக்கொண்டு நின்றது. கடைசிப் பாரத்தை இயந்திரத்தில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி.

அன்று காலை எழுத்தாளர் மேஜைமேல் குனிந்து கடைசிப் புரூஃபைப் பார்த்தார். நாவலில் ஒரு பெண் புருஷனை விட்டுப் போகிறாள். கடைசி அத்தியாயத்தில் திரும்பி வருகிறாள்.

"என்ன ஃபோர்மேன், முடிவு எப்படி? மனசுல பட்டதைச் சொல்லுங்க."

எல்லோரும் கேட்கிற கேள்விதான். நல்லா இருக்கு சார் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் அந்த மனுஷர் அந்தப் பெண்ணோடு மூன்று மாதம் வாழ்ந்திருந்தார்.

"அவ திரும்பி வரமாட்டா சார். அவ்வளவு பட்டவ எப்படி வருவா? எனக்கு ஒட்டலை."

எழுத்தாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். புரூஃபின் கடைசிப் பக்கத்தை மறுபடி படித்தார். பிறகு எழுந்து ஃபோர்மேனின் மசிபடிந்த கையைப் பிடித்துக்கொண்டார். "நிறுத்துங்க மிஷினை. அவ வரமாட்டான்னா, முதல் பக்கத்துலயே அவ வேற பொம்பளை. எல்லாத்தையும் மாத்தணும்."

"சார், பதினேழு பாரம் அடிச்சாச்சு சார்!"

"பொய்யை விக்கச் சொல்றீங்களா?"

தாள் எடைக்குப் போனது. ஃபோர்மேன் கெஞ்சினார், முடிவு பிரமாதம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். சொல்லும்போது நாக்குக் குழறியது, எழுத்தாளர் சிரித்துவிட்டார். திருத்தி எழுத எட்டு மாதம் பிடித்தது. முன்பணம் கட்டியவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். வங்கி முதலில் இயந்திரத்தைத் தூக்கியது, அது போதாமல் வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்பியது. நாவலைப் பழைய பதிப்பாளர் ஒருவர், எழுத்தாளர் தரவேண்டிய பழைய பாக்கியில் கழித்துக்கொண்டு வெளியிட்டார். ஊரே கொண்டாடியது, காலணா வரவில்லை. எழுத்தாளர் ஐஸ் தொழிற்சாலைக்கு இடம் பார்த்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

வீட்டைக் காலிசெய்த அன்று, மூட்டைகளை வாசலில் வைத்துவிட்டு மனைவி மண்ணை வாரித் தூற்றாத குறையாகச் சபித்தாள். "நம்ம வயித்துல அடிச்சானே, அந்த ஆளு விளங்குவானா? அடிக்கிற மிஷினை நிறுத்துன கை விளங்குமா?"

ஃபோர்மேன் இத்தனை நாள் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இன்று முடியவில்லை.

"அவரைத் திட்டாத. முடிவு சரியில்லைன்னு நான்தான் சொன்னேன்."

அவள் அவரையே பார்த்தாள். "நம்ம வீடு அதுல இருக்குன்னு தெரிஞ்சுமா?"

"தெரியும்."

"தெரியாத்தனமா சொல்லிட்டேன்னாவது சொல்லுங்களேன். அந்தக் கதை அப்படியே இருந்திருந்தா என்ன கெட்டுப்போயிருக்கும்?"

ஒன்றும் கெட்டிருக்காது என்று சொன்னால் போதும், அவள் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் குனிந்து ஒரு மூட்டையின் முடிச்சை இறுக்கிக் கட்டினார். அந்த முடிவு தப்பு. தலைக்குமேல் கூரை போன பிறகும் தப்புதான்.

அவள் வங்கியில் ஒப்படைக்க வேண்டிய வீட்டுச் சாவியை அவர் கையில் வைத்துவிட்டு, தன் மூட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுப் பக்கம் நடந்தாள்.