வட்டம் போட்ட மருதமரம்

என் பெயர் சவுரியம்மாள். கொக்குமலைக் காப்புக்காட்டுக்கு வருகிற ஜனம் வைத்த பெயர் 'கேட் பிசாசு'. முதுகுக்குப் பின்னால் சொன்னாலும் பரவாயில்லை, என் காதில் விழும்படிதான் சொல்வார்கள்.

பள்ளிகொண்டா தாண்டி மலைப் பக்கம் திரும்பினால் எங்கள் கேட். ஞாயிற்றுக்கிழமையானால் கானாற்றில் குளிக்கக் குடும்பம் குடும்பமாக வந்துவிடுவார்கள். வனக்குழு சார்பில் பை சோதிக்கிறவள் நான். பிளாஸ்டிக் கூடாது, அடுப்பு மூட்டக் கூடாது, சாப்பாடு உள்ளே போகக் கூடாது. மனுஷன் தின்கிறதைத் தின்று பழகினால் குரங்கு கெட்டுப்போகும். ஒரு மிட்டாய்த் தாளைக்கூட நான் விட்டதில்லை. குற்றம் கண்டுபிடிப்பதைத் தவிர வேறு எந்த வித்தையும் தெரியாத எனக்கு இப்படி ஒரு வேலை கிடைத்தது கர்த்தர் கிருபை.

இதற்கு முன் இருபது வருஷம் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் பார்த்தேன். மேஜைமேல் தோல் வரும். முள் கீறல், உண்ணி கடித்த வடு, பொத்தல் எங்கே இருக்கிறதென்று தேடி, வெள்ளிப் பேனாவால் சுற்றி வட்டம் போடவேண்டும். வட்டம் போட்ட இடத்தைக் கத்தி தொடாது. கட்டிங் ஆள் அதை விட்டு ஒதுங்கித்தான் வெட்டுவான். கண் அப்படியே பழகிவிட்டது. மருமகள் புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாலும் எனக்கு முதலில் தெரிவது பிசிறுதான். "யம்மா, நல்லா கீதுன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்துடுமா?" என்று மகன் ராஜேஷ் கேட்பான். வெந்தாலும் வெந்துவிடும் என்று பயம், சொன்னதில்லை.

போன வருஷம், வனவர் பூர்ணிமா மேடம் என்னைக் கூப்பிட்டார். என் மகள் வயசுதான், ஆனால் காக்கிச் சட்டை போட்டுவிட்டால் மேடம்தானே. "சவுரிம்மா, கானாத்தோரம் தைலமரம் வெட்ட ஆளுங்க வர்றாங்க. அதுக்குள்ள மரத்துக்கு மார்க் போட்டு வெச்சிடுங்க. தெரியும்ல?"

எனக்கா தெரியாது! "மேடம், இருபது வருஷம் மார்க் போட்ட கை இது," என்றேன். அந்தத் திமிர்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

வெள்ளைப் பெயிண்டும் பிரஷும் எடுத்துக்கொண்டு போனேன். தைலமரம் நட்டு வளர்த்தது, வெட்டத்தான் வளர்த்தார்கள். அதில் மார்க் போட என்ன இருக்கிறது? ஆனால் நடுநடுவே தானாக முளைத்த புங்கன், இலுப்பை, தண்ணீர் ஓரத்தில் மருது என்று பழைய மரங்கள் நின்றன. கூலியாட்கள் இவற்றையும் சேர்த்துச் சாய்த்துவிடப் போகிறார்களே என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம் போட்டேன். பெரிய மருதமரம்மேல் எனக்குக் கொள்ளை ஆசை. மத்தியானம் அதன் வேரில் சாய்ந்துதான் கண்ணயர்வேன். அதற்கு மட்டும் இரண்டு சுற்று, தடிமனாகப் போட்டேன். என் ஆயுசிலேயே முதல் தடவையாக நல்லதாகப் பார்த்து வட்டம் போட்டிருக்கிறேன் என்று எனக்கே பெருமை தாங்கவில்லை. போட்டோ எடுத்து ராஜேஷுக்கு அனுப்பினேன்.

மழையால் தள்ளிப்போய், ஆட்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் வந்தார்கள். அன்று காலையே எனக்கு ஒரு சண்டை. ஃபிர்தௌஸ் என்று ஒரு அம்மா, ஆம்பூரிலிருந்து சொந்தக்காரர்களை ஒரு வேன் நிறையக் கூட்டிக்கொண்டு, அண்டா மாதிரி ஒரு தேக்சாவில் பிரியாணியோடு வந்து நின்றாள். விடமாட்டேன் என்றேன். கெஞ்சினாள். போலீசைக் கூப்பிடுவேன் என்றேன். "நாங்க இன்னா திருடியா வந்தோம்?" என்று கத்திவிட்டு, கேட்டுக்கு வெளியே வேன் நிழலில் பாய் விரித்தாள். நான் ஜெயித்த சந்தோஷத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ரம்பம் சத்தம் கேட்டது. தைலமரப் பக்கமிருந்து இல்லை, தண்ணீர்ப் பக்கமிருந்து.

செருப்பை விட்டுவிட்டு ஓடினேன். மருதமரத்தின் அடிப்பட்டையில் ரம்பம் ஒரு விரல் ஆழம் இறங்கியிருந்தது.

"அடப்பாவிங்களா! வட்டம் போட்டிருக்குது, கண்ணு தெரியல?"

மேஸ்திரி அப்துல் வஹீத் ரம்பத்தை நிறுத்தினார். "தெரியுதும்மா. அதான் வெட்றோம்."

"வட்டம் போட்டா தொடக்கூடாதுய்யா!"

"காட்டுல வட்டம் போட்டா வெட்டணும்னு அர்த்தம். முப்பது வருஷமா இதான் எனக்குத் தெரியும். எனக்கே பேஜாராத்தான் இருந்திச்சு, இம்மாம் பெரிய மரமாச்சேன்னு. ஆனா இதுக்கு ரெண்டு வட்டம் போட்டிருந்திச்சு. அர்ஜெண்ட்டுன்னு நெனச்சி இதையே முதல்ல எடுத்தோம்."

நான் ஆசை வைத்த லட்சணம் இது. வேண்டாத மரமாகப் பார்த்து ஆசை வைத்திருந்தால் அரசாங்கத்துக்காவது லாபமாகியிருக்கும்.

மேடத்துக்குப் போன் போட்டேன். வேலூரில் மீட்டிங், எடுக்கவில்லை. "பாய், கொஞ்சம் நிறுத்துங்க," என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

"ஆபீஸர் சொல்லாம எப்படிம்மா நிறுத்தறது? லாரி நிக்குது, கூலி ஆளு நிக்குது. நீ கேட்ல நிக்கிற அம்மா." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஒண்ணு மட்டும் சொல்றேன். கீழ ஆளு உக்காந்திருந்தா நான் ரம்பத்தைத் தொடமாட்டேன்," என்றார்.

நான் சட்டென்று மருதமரத்தடியில் உட்கார்ந்தேன். அவர் ஆட்கள் அடுத்த வட்டத்துக்கு நடந்தார்கள். நான் ஒருத்தி, வட்டம் போட்டதோ வஞ்சனையில்லாமல் போட்டிருக்கிறேன்.

"பாய், அஞ்சு நிமிஷம்!" என்று கத்திவிட்டுத் திரும்ப ஓடினேன், கேட்டுக்கு.

ஃபிர்தௌஸ் அப்போதுதான் தேக்சா மூடியைத் திறந்திருந்தாள். மூச்சு வாங்க அவள் முன்னால் போய் நின்றேன். "அம்மா, எல்லாரும் உள்ள வாங்க. தேக்சாவ எடுத்துக்கினு வாங்க. மரத்தடியில உக்காந்து சாப்பிடுங்க."

"காலைல போலீஸ்னியே, இப்ப இன்னா, பைத்தியம் புடிச்சிடுச்சா?"

சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன், வெட்கம் மானம் எல்லாவற்றையும் விட்டு. "என் மரத்த நானே வெட்டக் குடுத்துட்டேன்மா."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன், அவள் இடத்தில் நானாக இருந்தால் திட்டியிருப்பேன். அவள் மூடியைப் போட்டாள். "அரே, எல்லாரும் எந்திரிங்க! பாயச் சுருட்டுங்க!"

மரத்துக்கு இரண்டு பேராகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தவர்களையும் கூப்பிட்டு மீதி வட்டங்களுக்குக் கீழே உட்காரவைத்தேன். மருதமரத்தடியில் ஃபிர்தௌஸும் தேக்சாவும். கொஞ்ச நேரத்தில் வஹீத் பாயும் ஆட்களும் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு இலைக்குக் கை நீட்டினார்கள். எனக்கும் ஒரு இலை வந்தது. ருசி எப்படி என்று ஃபிர்தௌஸ் கேட்டாள். உப்பு கம்மி என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டு, "நல்லா கீது," என்றேன். வாய் ஒன்றும் வெந்துவிடவில்லை.

பூர்ணிமா மேடம் சாயங்காலம் ஜீப்பில் வந்து இறங்கியபோது, தடை செய்யப்பட்ட இடத்தில் தடை செய்யப்பட்ட எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"சவுரிம்மா, இன்னா இது?"

"மார்க் போட்டது நான்தான் மேடம். தப்பாப் போட்டுட்டேன். வேலைய விட்டுத் தூக்குங்க, மரத்த விட்டுடுங்க."

அவர் மருதமரத்தின் வெட்டுவாயை விரலால் தடவிப் பார்த்தார். "எதுக்கு மார்க்குன்னு நான் சொல்லல, நீங்களும் கேக்கல," என்றார். "பொழச்சிக்கும். நாளைக்கு என்கூட வந்து தைலமரத்துக்குப் போடுங்க."

மறுநாள் பிரஷைப் பெயிண்டில் தோய்த்துத் தோய்த்து எடுத்தேனே தவிர, மரத்தில் வைக்கவில்லை. என் வட்டத்துக்குள் இருபது வருஷமாகக் கத்தி பட்டதில்லையே! வஹீத் பாய் சிரித்தார். "போடும்மா. இதுக்கும் பிரியாணி ஆளுங்கள கூட்டியாந்துடாத."

அடுத்த ஞாயிறு வேன் திரும்பவும் வந்தது, தேக்சாவோடு. ஃபிர்தௌஸ் இறங்கின உடனே, "எம்மரம் எப்படி இருக்குது?" என்றாள்.

எனக்குச் சுர்ரென்றது. "உம்மரமா? பட்டா வெச்சிருக்கியா? சர்க்கார் மரம்மா அது."

"சர்க்கார் வர்ற வரைக்கும் அங்க உக்காந்திருந்தது யாரு?"

கேட்டைத் திறந்து விட்டேன். தேக்சாவை மட்டும் என் நாற்காலி பக்கத்தில் வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.