ஏழாம் அறையில் எழுதிய ஓரெழுத்து

எங்கள் சமையலறை மேசையின் இழுப்பு லாச்சியில், கத்தரிக்கோலுக்கும் எந்தப் பூட்டுக்கும் பொருந்தாத திறப்புகளுக்கும் நடுவே ஒரு பேனை கிடக்கிறது. சாதாரண நீலப் பேனைதான். ஆனால் அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் தடித்த பஞ்சுக் குழாய் ஒன்று மாட்டியிருக்கும். விரல் மடக்க முடியாதவர்களுக்காக முதியோர் இல்லத்தில் கரண்டிக்கும் பல்துலக்கும் தூரிகைக்கும் மாட்டுவோமே, அதே குழாய். அந்தப் பஞ்சில் ஆழமான நான்கு நகக் கீறல்கள் இருக்கின்றன. ஒரு மனிதர் ஒரே ஓர் எழுத்தை எழுதுவதற்காக இடது கையால் அழுத்திப் பிடித்தபோது விழுந்தவை.

இக்காஸ்ட் என்ற சிறிய டேனிஷ் நகரில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் ஏழாம் அறையில் அவர் இருந்தார். எங்களுக்குள் அவரை ஏழாம் அறைக்காரர் என்றே சொல்லுவோம். ஒரு காலத்தில் இந்த ஊரின் உடுப்புத் தொழிற்சாலை ஒன்றில் பின்னல் இயந்திரங்களைத் திருத்தியவர். பக்கவாதம் அவருடைய வலது கையையும் காலையும் எடுத்துக்கொண்டது. வாயைத் தொடவில்லை. காலை எட்டு மணி வானொலிச் செய்தி தொடங்கியதும் அவரும் தொடங்குவார். ஆண்டாண்டாக இருந்த ஒரு பெருநாள் விடுமுறையை அரசாங்கம் எடுத்துவிட்டது. கூரை வேலை செய்கிற அவருடைய மருமகனுக்கு ஓய்வூதிய வயதைத் தள்ளிக்கொண்டே போகிறது. இங்கே மணியை அடித்துவிட்டு ஆட்கள் காத்திருக்க, யாரோ ஓர் அமைச்சர் வானொலியில் எல்லாம் நன்றாக நடக்கிறது என்கிறார். நான் அவருடைய காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் டேனிஷில் சொன்னதை என்னுடைய தமிழில்தான் என்னால் எழுத முடியும்.

"அவையளுக்குப் போன முறை நான்தான் வாக்குப் போட்டனான். அதுதான் எனக்கு இன்னும் கோவம். ஏமாத்தினவனிலை பாதி, ஏமாந்த என்னிலை பாதி."

நாடாளுமன்றத் தேர்தலுக்கு இன்னும் நாள் இருந்தது. இடையில் வந்தது நகரசபைத் தேர்தல். வீதி விளக்குக்கும் பள்ளிக்கூடத்துக்கும் முதியோர் இல்லத்துக்கும் ஆட்களைத் தெரிவுசெய்கிற தேர்தல். ஆனால் அந்த வருடம் கடை வரிசையிலும் எங்கள் கோப்பி அறையிலும் யாரும் வீதி விளக்கைப் பற்றிக் கதைக்கவில்லை. கோப்பன்ஹேகனில் ஆட்சியில் இருப்பவர்களுக்கு இக்காஸ்டிலிருந்து ஓர் அடி கொடுக்க வேண்டும் என்றுதான் கதைத்தார்கள். ஏழாம் அறைக்காரருக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. "பெரிய தேர்தல் வரேக்குள்ளை நான் இருக்கமாட்டன். என்னட்டை மிச்சமிருக்கிறது இது ஒண்டுதான்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டியை அவருடைய கையில் இரண்டாம் தடவையும் சுற்றினேன்.

ஒருநாள் என்னிடம், "நீ ஆருக்குப் போடுவாய் எண்டு கேக்கமாட்டன். போடுவியோ?" என்று கேட்டார்.

நான் இந்த நாட்டுக் குடியுரிமை இல்லாதவள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. மொழிப் பரீட்சையில் இரண்டு தடவை விழுந்தபின் அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் நீண்டகாலம் இங்கே இருப்பவர்களுக்கு நகரசபைத் தேர்தலில் வாக்கு உண்டு. நான்கு வருடத்துக்கு ஒருமுறை வாக்காளர் அட்டை தபாலில் வரும். நான் அதை இந்த லாச்சிக்குள், திறப்புகளுக்கு அடியில் வைத்து மூடிவிடுவேன். அவரிடம் உண்மையைச் சொன்னேன்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "அப்ப உனக்கும் ஏசுறதுக்கு உரிமை கிடக்கு. சும்மா வைச்சுக்கொண்டு என்ரை ஏச்சை ஓசியிலை கேக்கிறாய்" என்றார்.

ஏன் போடுவதில்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு டேனிஷ் போதவில்லை. என் அப்பாவின் இடது சின்னி விரலைப் பற்றி எப்படிச் சொல்வது? போர்க்கால யாழ்ப்பாணத்தில் தேர்தல் வந்தால் போடு என்று ஒரு பக்கம் சுடத் துவக்கோடு நிற்கும், போடாதே என்று இன்னொரு பக்கம் நிற்கும். வாக்குப் போட்டவர்களின் விரலில் மை பூசுவார்கள். மை இருந்தால் ஒரு பிரச்சினை, இல்லாவிட்டால் இன்னொரு பிரச்சினை. ஒருமுறை அப்பா வாக்குப் போட்டுவிட்டு வந்து, கிணற்றடியில் புளிச்சாறு வடியும் தேசிக்காய்ப் பாதியும் சாம்பலுமாக அந்த விரலைத் தோல் உரியும்வரை தேய்த்தார். நான் கப்பி வாளியோடு பக்கத்தில் நின்றேன். "நீ ஒண்டும் பாக்கேல்லை, என்ன?" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு, "ஓமப்பா, பாக்கேல்லை" என்றேன்.

இங்கே நடமாட முடியாதவர்களிடம் தேர்தலுக்கு முன்பே நகரசபையின் ஆட்கள் வந்து வாக்கை வாங்கிப் போவார்கள். அந்த வாக்குத் தாளில் பெயர்கள் அச்சிட்டிருக்காது. வெறும் இடம் விட்டிருக்கும். ஒவ்வொரு கட்சிக்கும் ஓர் எழுத்து உண்டு; விரும்பிய எழுத்தை நாமே எழுதி, உறையில் போட்டு ஒட்ட வேண்டும். எழுத முடியாதவர் தனக்கு நம்பிக்கையான ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். ஏழாம் அறைக்காரரின் மகள் ஓகூஸ் நகரிலிருந்து வரத் தயாராக இருந்தாள். அவர் என்னைக் கேட்டார்.

"ஏன் நான்?" என்றேன்.

"என்ரை மகள் சந்தோசத்திலை சொல்லிப்போடுவாள். நீ எல்லாத்துக்கும் பயப்பிடுறனி. ஒருத்தருக்கும் சொல்லமாட்டாய்."

வாக்கு வாங்கும் நாள் காலை நகரசபையிலிருந்து ஒரு பெண்ணும் ஓர் ஆணும் வந்தார்கள். குளிருக்குச் சிவந்த முகங்கள், தோளில் ஒரு கறுப்புப் பை. அறைக்குள் வந்ததும் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கோவிலுக்குள் வந்தவர்கள் போல நின்றார்கள். கதவைச் சாத்தினார்கள். வானொலியை நிறுத்தலாமா என்று அனுமதி கேட்டார்கள். அவருக்காக நான் எழுதித் தரலாம் என்றும் சொன்னார்கள். அவர் தலையை ஆட்டினார். "எழுதுறது நான். இவ தாளைப் பிடிச்சால் காணும்."

பஞ்சுக் குழாய் மாட்டிய பேனையை இடது கையில் கொடுத்தேன். தாளின் இரண்டு மூலைகளையும் அழுத்திப் பிடித்தேன். அவருடைய கை இறங்கியது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை, என் இமைகள் தாமாகவே அதைச் செய்தன. பார்க்காதவளை யாரும் விசாரிக்க முடியாது அல்லவா? ஆனால் கண்ணை மூடியவளின் கை தாளைச் சரியாகப் பிடிக்காது. தாள் நழுவியது. பேனை தாளின் குறுக்கே நீளமாய் ஓடி மேசையில் போய் நின்றது.

கெட்டுப்போன தாளைப் பார்த்தேன். ஒரு மனிதரின் கடைசி வாக்கைக் கெடுத்துவிட்டேனே! அந்தப் பெண் பையைத் திறந்து புதிய தாள் ஒன்றை எடுத்து, மடிப்பை உள்ளங்கையால் நீவி, முதல் தாளை வைத்த அதே இடத்தில் வைத்தாள். "நேரம் இருக்கு" என்றாள். அவ்வளவுதான்.

ஏழாம் அறைக்காரர்தான் கடுகடுத்தார். "கண்ணைத் திற. உன்ரை கண்ணை நம்பித்தான் கூப்பிட்டனான், உன்ரை இமையை நம்பியில்லை."

திறந்தேன். அடுத்து நடந்ததை நான் என் வாழ்க்கையில் வேறெங்கும் பார்த்ததில்லை. முதல் கோட்டை இழுக்க அவருக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியாது. நெற்றியில் வியர்வை துளிர்த்தது. நகங்கள் பஞ்சுக்குள் புதைந்தன. இரண்டாம் தாளும் நடுவில் கெட்டது. மூன்றாவதை எடுத்து வைத்தார்கள். அந்த ஆண் யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு தடவைகூட மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. மாதக்கணக்காக இந்த நாட்டை ஏசிக்கொண்டிருந்த கிழவருக்காக அந்த நாடு தன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கைகட்டிக் காத்து நின்றது போல இருந்தது எனக்கு. அவர் ஏசியதும் பொய்யில்லை, இதுவும் பொய்யில்லை. இரண்டும் ஒரே அறைக்குள் எப்படி இருந்தன என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

எழுத்து முடிந்தது. கோணலாக, பாலர் வகுப்புப் பிள்ளையின் எழுத்துப் போல, ஆனால் யாரும் பிழையாக வாசிக்க முடியாதபடி. அது எந்த எழுத்து என்று நான் எழுதமாட்டேன். நான் எதிர்பார்த்த எழுத்தா இல்லையா என்பதையும் எழுதமாட்டேன். உறையை அவரே நாக்கால் நனைத்து ஒட்டினார்.

வீட்டில் என் கணவருக்குப் பொறுக்கவில்லை. "எட, அவ்வளவு ஏசின மனுசன் ஆருக்குப் போட்டது? எனக்கு மட்டும் சொல்லுமன்."

"தெரியாது."

"பக்கத்திலைதானே நிண்டனீர்?"

"நிண்டனான்."

"உம்மோடை கதைக்கிறதுக்கு அந்த உறையோடை கதைக்கலாம்" என்று சிரித்துவிட்டுத் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு போனார்.

தேர்தலுக்கு மூன்று நாள் இருக்க, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கதிரையில் இருந்தபடியே ஏழாம் அறைக்காரர் இறந்துபோனார். நான் அவருடைய சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தபோது எங்கள் பொறுப்பாளர் உள்ளே வந்தார். "பாவம், அந்த வாக்கும் இனி இல்லை" என்றார். எனக்கு விளங்கவில்லை. முன்கூட்டி வாக்குப் போட்டவர் தேர்தல் நாளுக்கு முன் இறந்தால், அந்த உறையை எண்ணமாட்டார்களாம். சட்டம் அப்படியாம். கட்டில் விளிம்பில் இருந்தேன். மூன்று தாள், ஒரு காலைப்பொழுது, அத்தனை வியர்வை. அந்த எழுத்து இனி என் தலைக்குள் மட்டும்தான் இருந்தது.

அறையைத் துப்பரவாக்கியபோது அந்தப் பேனை குப்பைப் பைக்குள் போகவிருந்தது. மகளிடம் கேட்டு எடுத்துக்கொண்டேன்.

தேர்தல் நாளான செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்து, லாச்சியில் திறப்புகளுக்கு அடியில் கிடந்த அட்டையை எடுத்தேன். என் கணவர் பயந்துவிட்டார். "இருவத்தைஞ்சு வருசமா வாக்குப் போட வராத ஆள் நீர். சுகமில்லையோ?"

பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபம். வரிசையில் நின்றபோது என் இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் ஒளித்து வைத்திருப்பதைக் கவனித்தேன். பைக்குள் அந்தப் பேனை இருந்தது. மேசையில் இருந்தவர் என் பிறந்த திகதியைக் கேட்டார், பட்டியலைப் பார்த்தார், மேசைவிரிப்புப் போல நீளமான தாளைத் தந்தார். என் பேச்சின் இழுவையைக் கேட்டும் அவர் முகம் மாறவில்லை. திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தனியே நின்றேன். அங்கே ஒரு பென்சில் கட்டியிருந்தது.

அவருடைய எழுத்து எனக்குத் தெரியும். அதற்கு நேரே பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி போட்டால், எண்ணாமல் விட்ட வாக்கு எண்ணப்படும். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பிறகு அவர் கேட்டது நினைவுக்கு வந்தது. ஆருக்கு என்று அவர் கேட்கவில்லை. போடுவியோ என்றுதான் கேட்டார். வலது கையால் பென்சிலை எடுத்தேன். இடது கை பைக்குள் பஞ்சை இறுகப் பற்றிக்கொண்டது. கண்ணைத் திறந்தபடியே போட்டேன்.

வெளியே மழை தூறியது. கார்க் கதவைத் திறந்துவிட்ட என் கணவர், "சரி, நீர் ஆருக்குப் போட்டனீர்?" என்றார். நான் சின்னி விரலை அவருக்கு முன்னால் நீட்டினேன். சுத்தமாக இருந்தது. "பாருங்கோ, ஒண்டுமில்லை" என்றேன். அவரும் யாழ்ப்பாணத்துக்காரர்தானே, அதன்பிறகு கேட்கவில்லை.

அந்தத் தேர்தல் முடிந்தது. வானொலியில் எட்டு மணிச் செய்தி இன்றும் வருகிறது. ஏழாம் அறையில் இப்போது இருப்பவர் இசை மட்டும் கேட்பவர். எட்டு மணியானால், ஏச்சுக் கேட்காத அந்த அறையில் சப்பாத்து மாட்டும் என் கை சிலவேளை நின்றுவிடும். போன கிழமை என் கணவர் லாச்சியைக் குடைந்து கத்தரிக்கோல் தேடியபோது, "இந்தப் பஞ்சுப் பேனை எழுதுமோ? எறியட்டே?" என்று கேட்டார். வாங்கிப் பார்த்தேன். கீறல்கள் ஐந்து இருந்தன. நான்கு ஆழமானவை. ஒன்று சின்னது, பக்கவாட்டில். அது எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியும்.

"எழுதும்" என்று சொல்லி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.